சுபாக்கின் தலைவர் யார்?

பாலித் தீவில் ஆறுகள் ஆழமான பள்ளத்தாக்குகளின் அடியில் ஓடுகின்றன. வயல்களோ மலைச்சரிவில் படிப்படியாக அடுக்கி வைத்தாற்போல் மேலே இருக்கின்றன. கண்ணெதிரே ஆறு ஓடினாலும் அந்த இடத்தில் அதன் நீரை எடுத்து வயலுக்குப் பாய்ச்ச முடியாது. பல கிலோமீட்டர் மேலே சென்று ஆற்றின் குறுக்கே சிறிய அணை கட்ட வேண்டும். பாறையைக் குடைந்து சுரங்க வாய்க்கால் வெட்ட வேண்டும். அதன்பின் சரிவின் போக்கிலேயே நீரை மெல்ல இறக்கிக் கொண்டுவர வேண்டும். தனியொரு விவசாயியால் ஆகக்கூடிய வேலையன்று இது. ஆகவே, ஒரே வாய்க்காலில் நீர் பெறும் விவசாயிகள் ஒன்றுகூடிச் சங்கம் அமைத்துக்கொண்டார்கள். அச்சங்கத்தின் பெயர் சுபாக்.

பதினோராம் நூற்றாண்டைச் சேர்ந்த சாசனங்களிலேயே சுபாக்கைப் பற்றிய குறிப்புகள் உள்ளன. இன்று பாலியில் ஏறத்தாழ 1,200 நீர்ச் சங்கங்கள் இருக்கின்றன. ஒரே நீர்மூலத்தைப் பகிர்ந்துகொள்ளும் ஒரு சங்கத்தில் 50 முதல் 400 விவசாயிகள் வரை இருப்பார்கள். ஊர் எல்லைக்கும் சுபாக்கின் எல்லைக்கும் தொடர்பில்லை. ஒருவர் எந்த ஊரில் குடியிருந்தாலும், அவருடைய வயலுக்கு எந்த வாய்க்காலிலிருந்து நீர் வருகிறதோ அந்த வாய்க்காலின் சங்கத்தில்தான் அவர் உறுப்பினர். இரண்டு வாய்க்கால்களில் நிலம் வைத்திருப்பவர் இரண்டு சங்கங்களிலும் வேலை செய்ய வேண்டும்.

சங்கத்தின் தலைவரைப் பெக்காசே என்று அழைப்பார்கள். உறுப்பினர்களே கூடிப் பேசி அவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். நிலம் பெரிதானாலும் சிறிதானாலும் ஒருவருக்கு ஒரு குரல்தான். பிறப்பால் உயர்குடியினர் என்று கருதப்படுபவர்களும் சுபாக்கின் விதிகளுக்கு மற்றவர்களைப் போலவே கட்டுப்பட்டவர்கள். ‘அவிக்-அவிக்’ எனப்படும் அந்த விதிகள் முற்காலத்தில் ஓலைச்சுவடிகளில் எழுதி வைக்கப்பட்டன. வாய்க்கால் தூர்வாரும் நாளில் வராதவருக்கு என்ன தண்டம், பிறர் நீரைத் திருப்பிக்கொண்டவருக்கு என்ன தண்டம், தண்டம் செலுத்தாதவருக்கு எப்போது நீர் நிறுத்தப்படும் என்பவையெல்லாம் அவற்றில் உண்டு.

பெக்காசேயின் வேலை பெரும்பாலும் நடைதான். அணையிலிருந்து கடைசி மதகு வரை அவர் நடந்து பார்க்க வேண்டும். வாய்க்கால் பிரியும் இடங்களில் ஒரு மரக்கட்டை குறுக்கே கிடத்தப்பட்டிருக்கும். அதில் வெவ்வேறு அகலத்தில் பள்ளங்கள் வெட்டப்பட்டிருக்கும். அகலமான பள்ளத்தின் வழியே அதிக நீரும், குறுகிய பள்ளத்தின் வழியே குறைந்த நீரும் செல்லும். ஆற்றில் நீர் குறைந்தால் எல்லாருடைய பங்கும் அதே விகிதத்தில் குறையும். இதில் திறக்கவும் மூடவும் ஒன்றுமில்லை. யாரும் சாவியை வைத்திருக்கத் தேவையில்லை. ஒருவர் தம் பள்ளத்தை இரவில் சற்றே ஆழப்படுத்தினால், மறுநாள் அந்த வழியே போகிறவர்கள் எல்லாருக்கும் அது தெரிந்துவிடும்.

இவ்வளவு இருந்தும் ஒரு கேள்வி எழும். மேலேயுள்ள சங்கத்தார் ஏன் கீழேயுள்ளவர்களுக்கு நீர் விட வேண்டும்? அணை அவர்கள் பக்கத்தில் இருக்கிறது. வேண்டிய மட்டும் நீரை எடுத்துக்கொண்டு மிச்சத்தை மட்டும் அனுப்பினால் அவர்களை யார் தடுக்க முடியும்?

இதற்கு விடை தண்ணீரில் இல்லை, பூச்சியில் இருக்கிறது. நெல் வயலில் எலியும் பூச்சியும் பெருகுவதற்கு இடைவிடாத உணவு வேண்டும். ஒரு வட்டாரத்தின் வயல்கள் எல்லாம் ஒரே காலத்தில் அறுவடையாகி, ஒரே காலத்தில் தரிசாகக் கிடந்தாலோ நீர் நிறைந்து நின்றாலோ அவற்றுக்கு உணவும் இருப்பிடமும் இல்லாமற்போகும். அந்த நாள்களில் வாத்துக் கூட்டங்களை வயலில் மேயவிடுவதும் வழக்கம். ஆனால், கீழ்ச்சரிவில் நீர் போதாமல் ஒரு மாதம் தாமதமாக நாற்று நட்டால், மேலே அறுவடை முடிந்ததும் பூச்சிகள் கீழே இறங்கும். கீழே அறுவடை முடியும்போது மீண்டும் மேலே ஏறும். மேல்சரிவு விவசாயி அஞ்சுவது பூச்சிக்கு. கீழ்ச்சரிவு விவசாயி அஞ்சுவது நீர்ப் பற்றாக்குறைக்கு. இருவரும் ஒருங்கிணைந்து நட்டால் இரண்டு அச்சமும் குறைகின்றன. நீரைப் பகிர்ந்துகொள்ளும் மேல்சரிவுக்காரர் உண்மையில் தம் சொந்தக் கதிர்களைத்தான் காப்பாற்றிக்கொள்கிறார்.

ஆனால் எல்லாருமே ஒரே நாளில் நடவும் முடியாது. நடவுக்கு வயலைச் சேறாக்கும் வாரங்களில்தான் மிக அதிக நீர் தேவை. முழு ஆற்றுப் படுகையும் அப்போது ஒன்றாக நீர் கேட்டால் ஆறு தாங்காது. எத்தனை சங்கங்கள் சேர்ந்து நட வேண்டும், எவை இரண்டு வாரம் காத்திருக்க வேண்டும் என்பதை ஒரு பெக்காசே தனியாக முடிவு செய்ய இயலாது. அதற்காகப் பல பெக்காசேக்கள் கூடும் இடங்கள்தாம் நீர்க் கோயில்கள். ஒவ்வோர் அணைக்கும் ஒரு கோயில். பல சங்கங்களுக்குப் பொதுவாக ஒரு பெரிய கோயில். எல்லாவற்றுக்கும் மேலே பத்தூர் எரிமலையின் விளிம்பில் ‘பூரா உலுன் டானு பத்தூர்’ என்னும் தலைமைக் கோயில். அங்கே ஏரித் தெய்வமாகிய தேவி டானுவை வழிபடுகிறார்கள். ஆண்டுத் திருவிழாவுக்கு இருநூறுக்கும் மேற்பட்ட சுபாக்குகள் காணிக்கையுடன் வருகின்றன. பூசை முடிந்தபின் நீரைப் பற்றிய பேச்சும் வழக்குகளும் தொடங்கும்.

அக்கோயிலின் தலைமைப் பூசாரி ஜெரோ கெடே எனப்படுகிறார். பெக்காசே வாக்கால் வருகிறவர். ஜெரோ கெடே வேறு வழியில் வருகிறவர். முந்தைய பூசாரி இறந்தபின், கோயிலின் கன்னிப் பூசாரிப் பெண் அருள்வந்த நிலையில் புதியவரைச் சுட்டிக்காட்டுவார். பெரும்பாலும் அது ஒரு சிறுவனாகவே இருக்கும். உயர்குடியினர் அல்லாத, சாதாரணக் குடும்பத்துச் சிறுவன் அவன். அன்றுமுதல் வாழ்நாள் முழுவதும் அவர் ஏரித் தெய்வத்தின் பிரதிநிதி. புதிய ஊற்று கண்டாலோ, புதிய வாய்க்கால் வெட்ட விரும்பினாலோ, நீர்த் தகராறு முற்றினாலோ மக்கள் அவரிடம் போகிறார்கள். அவரிடம் காவலரும் இல்லை, சிறையும் இல்லை. ஆயினும் அவர் சொல்லுக்கு மதிப்பு உண்டு.

இந்த அமைப்பு பேரிடர்களையும் கண்டது. 1926ஆம் ஆண்டு பத்தூர் எரிமலை வெடித்தபோது எரிமலைக் குழம்பு ஏரிக்கரையில் இருந்த ஊரையும் கோயிலையும் மூடியது. ஊர் மக்கள் எரிமலையின் விளிம்பில் புதிதாகக் குடியேறி அங்கே கோயிலை மீண்டும் கட்டினார்கள். கட்டடம் அழிந்ததே தவிர, கோயிலின் தலைமையை நாடி வந்த சுபாக்குகள் கலைந்துவிடவில்லை. அடுத்து வந்த சோதனை எரிமலையைப் போல் ஓசையுடன் வரவில்லை. உதவி என்ற பெயரில் வந்தது.

1970ஆம் ஆண்டுகளில் இந்தோனேசியா உலகிலேயே மிக அதிகமாக அரிசி இறக்குமதி செய்யும் நாடுகளுள் ஒன்று. பெருகும் மக்கள்தொகைக்குச் சோறு போட வேண்டிய கட்டாயம் அரசுக்கு இருந்தது. பிலிப்பைன்சில் உள்ள அனைத்துலக நெல் ஆராய்ச்சி நிலையம் 1966இல் வெளியிட்ட ஐ.ஆர்.8 என்னும் நெல் அப்போது ஆசியா முழுவதும் பரவிக்கொண்டிருந்தது. தமிழ்நாட்டு வயல்களும் அதைக் கண்டன. மலேசியாவின் கெடா மாநிலத்தில் பெடு, மூடா அணைகள் கட்டி ஆண்டுக்கு இருபோகம் விளைவிக்கும் திட்டம் தொடங்கியதும் அதே காலத்தில்தான். புதிய நெல் குட்டையாக வளர்ந்தது, உரத்தை ஏற்றுக்கொண்டது, விரைவில் முதிர்ந்தது. பின்னால் வந்த ஐ.ஆர்.36 ஏறத்தாழ 110 நாள்களில் அறுவடைக்கு வந்துவிடும். இதைக் கொண்டுவந்த அதிகாரிகளைக் குறை சொல்வது எளிது. பசியை எதிரில் வைத்துக்கொண்டு முடிவெடுத்தவர்கள் அவர்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

பாலியில் இத்திட்டம் ‘பீமாஸ்’ என்ற பெயரில் நுழைந்தது. விதை, உரம், பூச்சிமருந்து ஆகியவை கடனாகக் கிடைத்தன. கூடவே ஓர் அறிவுரையும் வந்தது: நிலத்தைச் சும்மா போடாதே, நீர் கிடைக்கும்போதெல்லாம் நடு. சங்கங்கள் தம்முள் பேசி வைத்திருந்த நடவு முறையும் தரிசுக் காலமும் வீணான தாமதமாகக் கருதப்பட்டன. கோயிலில் நாள் குறிப்பது பழைய நம்பிக்கை என்றே வெளியாள்களுக்குத் தோன்றியது. 1979இல் ஆசிய வளர்ச்சி வங்கியின் ஆதரவில் பாலி நீர்ப்பாசனத் திட்டம் தொடங்கியது. அணைகளும் வாய்க்கால்களும் புதுப்பிக்கப்பட்டன. பள்ளம் வெட்டிய மரக்கட்டைகள் இருந்த இடங்களில், ஏற்றவும் இறக்கவும் கூடிய இரும்பு மதகுகள் பொருத்தப்பட்டன. அவற்றை யார், எப்போது, எவ்வளவு திறப்பது என்பதை அலுவலகம் முடிவு செய்யும் என்பது ஏற்பாடு.

பெக்காசே பதவியை யாரும் ஒழிக்கவில்லை. கூட்டங்கள் நடந்தன, பூசைகளும் நடந்தன. ஆனால், அவர் கையில் இருந்த நடவு நாள்காட்டி போய்விட்டது. ஒவ்வொரு விவசாயியும் தம் வயலுக்குத் தாமே தலைவர் ஆனார். அவருக்கும் மேலே அலுவலகம் இருந்தது. இரண்டுக்கும் நடுவில் அண்டை வயலையும் அதற்கடுத்த வயலையும் சேர்த்துப் பார்க்க யாருமில்லை. தலைமை மாற்றம் என்றால் ஒருவர் போய் இன்னொருவர் வருவது என்று நினைக்கிறோம். பாலியில் நடந்தது வேறு. தலைவர் அப்படியே இருந்தார். தலைமைதான் இடம் மாறியது.

முதல் சில அறுவடைகள் நன்றாகவே இருந்தன. வீட்டில் பணம் புழங்கியது. பிறகு புகையான் வந்தது.

புகையான் என்பது நெல்லின் அடித்தண்டில் அமர்ந்து சாற்றை உறிஞ்சும் சிறிய பழுப்புநிறப் பூச்சி. அது தாக்கிய வயல் தீயில் கருகியதுபோல் காய்ந்து நிற்கும். எங்கோ ஓரிடத்தில் எப்போதும் பச்சை நெல் இருந்ததால் அது ஒரு வயலை முடித்துவிட்டு அடுத்ததற்குத் தாவியது. 1977இல் மட்டும் இந்தோனேசியாவில் சுமார் இருபது லட்சம் டன் அரிசி அதனால் அழிந்தது. புகையானைத் தாங்கும் ஐ.ஆர்.36 கொண்டுவரப்பட்டது. அதைத் துங்ரோ என்னும் நச்சுயிரி நோய் தாக்கியது. மலேசிய விவசாயிகள் இலை நிறம் மாறுவதைப் பார்த்து ‘சிவப்பு நோய்’ என்ற பொருளில் ‘பெஞாக்கிட் மேரா’ என்று அழைத்தது அந்நோயைத்தான். அதற்கு வேறொரு நெல், அந்நெல்லுக்கு வேறொரு நோய் என்று ஓட்டம் தொடர்ந்தது. மருந்து தெளிக்கத் தெளிக்கப் பூச்சியைத் தின்னும் சிலந்திகளும் செத்தன. புகையானுக்கு எதிரியே இல்லாமற்போனது. நாட்டளவில் இது எவ்வளவு கடுமையாக உணரப்பட்டது என்றால், 1986இல் இந்தோனேசிய அரசே நெல்லுக்குத் தெளிக்கும் 57 வகைப் பூச்சிமருந்துகளைத் தடை செய்தது.

நீரும் குழம்பியது. மேலே மூன்றாம் போகத்துக்கு நீர் எடுத்துக்கொண்டிருந்தபோது கீழே முதல் நடவுக்கே நீர் இல்லை. சில இடங்களில் விவசாயிகள் புதிய இரும்பு மதகுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு மீண்டும் மரக்கட்டையை வைத்தார்கள். இரும்பு மதகு எவ்வளவு திறந்திருக்கிறது, அதனால் யாருக்கு எவ்வளவு போகிறது என்பது பார்ப்பவருக்குப் புரியவில்லை. மரக்கட்டை எல்லாருக்கும் புரிந்தது.

1980ஆம் ஆண்டுகளின் நடுப்பகுதிக்குள் பல சுபாக்குகள், நடவு நாள்களை நீர்க் கோயில்களே மீண்டும் குறிக்கட்டும் என்று கேட்கத் தொடங்கின. புதிய நெல்லை வேண்டாம் என்று அவர்கள் சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். விதையும் விளைச்சலும் அவர்களுக்கு வேண்டும். ஒன்றாக ஓய்வெடுக்கும் காலம் திரும்ப வேண்டும் என்பதுதான் கோரிக்கை. ஆனால், திட்டத்தின் வெளிநாட்டு ஆலோசகர்களுக்கு அது மாற்றத்தை எதிர்க்கும் சமயப் பிடிவாதமாகத் தெரிந்தது. பூச்சிக்குத் தீர்வு மருந்து. பூசாரியின் மந்திரமா பூச்சியைக் கொல்லும் என்பது அவர்கள் எண்ணம். விவசாயிகளுக்கும் தங்கள் முறையின் காரணத்தை அலுவலகத்தின் மொழியில் விளக்கத் தெரியவில்லை. அவர்கள் அதைத் தெய்வத்தின் மொழியில்தான் பேசிப் பழகியிருந்தார்கள்.

இந்த இரு மொழிகளுக்கும் நடுவே நின்றவர் ஸ்டீபன் லான்சிங் என்னும் அமெரிக்க மானிடவியல் அறிஞர். அவர் பல ஆண்டுகள் பாலியில் தங்கி நீர்க் கோயில்களை ஆராய்ந்தவர். சூழலியல் அறிஞர் ஜேம்ஸ் கிரெமருடன் சேர்ந்து, ஓஸ், பெத்தானு ஆகிய இரண்டு ஆறுகளில் நீர் பெறும் 172 சுபாக்குகளைக் கணினியில் அமைத்தார். மழை, ஆற்றின் ஓட்டம், நெல்லின் வளர்ச்சி, பூச்சியின் பெருக்கம் எல்லாம் அதில் கணக்கிடப்பட்டன. ஒவ்வொரு சுபாக்கும் தன் விருப்பப்படி நட்டால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள். பூச்சி விளைச்சலைத் தின்றது. முழு ஆற்றுப் படுகையும் ஒரே நாளில் நட்டால் என்ன ஆகும் என்று பார்த்தார்கள், நீர் போதவில்லை. கோயில்கள் சேர்த்து வைத்திருந்த அளவிலான குழுக்களாக நட்டபோது விளைச்சல் மிக உயர்ந்தது.

அதைவிட வியப்பான சோதனை ஒன்று உண்டு. கணினியில் கோயில்களே இல்லாமல், சுபாக்குகள் கண்டபடி நடுவதாகத் தொடங்கினார்கள். ஆண்டு முடிவில் ஒவ்வொரு சுபாக்கும் சுற்றிலும் பார்த்து, மிக நன்றாக விளைந்த அண்டைச் சுபாக்கின் நடவு முறையை அடுத்த ஆண்டு பின்பற்ற வேண்டும். இது ஒன்றுதான் விதி. சில ஆண்டுகள் ஓடியதும் திரையில் குழுக்கள் தாமாகவே உருவாயின. அவை பாலியில் உண்மையில் இருக்கும் கோயில் குழுக்களைப் பெரிதும் ஒத்திருந்தன. யாரோ ஓர் அரசன் ஆணையிட்டு அமைத்த முறை என்று இதைக் கொள்ளத் தேவையில்லை; அண்டையாரைப் பார்த்துத் திருத்திக்கொள்ளும் விவசாயிகளாலேயே இது வளர்ந்திருக்கக்கூடும். இந்தக் கணினி அமைப்பு வங்கி அதிகாரிகளுக்கும் காட்டப்பட்டது. பத்தூர் கோயிலின் ஜெரோ கெடேக்கும் காட்டப்பட்டது.

1988இல் ஆசிய வளர்ச்சி வங்கி தன் திட்டத்தைத் தானே மதிப்பிட்டது. பழைய முறையின் சிறப்பைப் புரிந்துகொள்ளாததற்குப் பெரிய விலை கொடுக்க நேர்ந்தது என்பதை அதன் அறிக்கை ஒப்புக்கொண்டது. கடன் கொடுத்த நிறுவனம் ஒன்று இவ்வாறு எழுதுவது அடிக்கடி நடப்பதன்று. அதன்பின் நீர்க் கோயில்களின் பங்கு அலுவலகக் கோப்புகளிலும் இடம்பெற்றது. பல சுபாக்குகள் ஒருங்கிணைந்த நடவுக்குத் திரும்பின. நெல் புதியது, நாள் குறிக்கும் முறை பழையது. புகையானும் அடங்கியது.

2012இல் யுனெஸ்கோ பாலியின் சுபாக் நிலப்பரப்பை உலக மரபுச் சின்னங்களின் பட்டியலில் சேர்த்தது. 19,500 ஹெக்டர் பரப்பில் அமைந்த படிக்கட்டு வயல்களும் அவற்றின் கோயில்களும் அதில் அடங்கும். அவற்றைப் பார்ப்பதற்கென்றே ஆண்டுதோறும் பெருந்திரளான சுற்றுப்பயணிகள் வருகிறார்கள்.

பயணிகள் வருவதால் விடுதிகளும் வருகின்றன. தென்பாலியில் வயல் விற்கும் விலையை எந்த நெல்லும் ஈட்டித் தராது. இளையோர் பலர் விடுதி வேலைக்குப் போகிறார்கள். ஒரு மாதச் சம்பளம் கைக்கு நிச்சயம் வரும்போது வாய்க்கால் சேற்றில் இறங்க யாருக்கு மனம் வரும் என்று கேட்டால், அதில் நியாயம் இருக்கத்தான் செய்கிறது. ஒரு சுபாக்கின் நடுவே நாலைந்து வயல்கள் கட்டடங்களாக மாறினால், அவற்றின் ஊடே சென்ற வாய்க்கால் என்ன ஆவது? கட்டடத்தின் சொந்தக்காரர் சுபாக்கின் உறுப்பினரல்லர். அவரைத் தூர்வாரும் நாளுக்கு அழைக்க முடியாது. வராவிட்டால் தண்டமும் விதிக்க முடியாது. உறுப்பினர் எண்ணிக்கை பாதியாகக் குறைந்தாலும் சுரங்க வாய்க்காலின் நீளம் குறைவதில்லை.

நடவுக் காலம் நெருங்கும்போது பெக்காசேக்கள் இன்றும் அணையோரக் கோயிலில் கூடுகிறார்கள். எந்தச் சங்கம் முதலில் நடுவது, எது காத்திருப்பது என்ற பழைய பேச்சு நடக்கிறது. அத்துடன், மண்வெட்டியுடன் வர இந்த ஆண்டு எத்தனை பேர் இருக்கிறார்கள் என்ற கணக்கையும் அவர்கள் இப்போது பார்க்க வேண்டியிருக்கிறது.